பின்னாடி வருது

எங்கள் ஸ்டாப்பில் பஸ் நிற்பதே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். நின்றிருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் டயர் பஞ்சராகி, சரியாக எங்கள் எதிரில் வந்து நின்றது. ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் முண்டியடித்து ஏறி உட்கார்ந்துகொண்டோம். வண்டி நகரவில்லை என்பது வேறு விஷயம். உட்கார இடம் கிடைத்ததா இல்லையா?

மற்ற நாட்களில் நடப்பதைச் சொல்கிறேன். தூரத்தில் பஸ்ஸின் நெற்றி தெரியும். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் சாலையோரத்துக்கு வருவோம். கை நீட்டுவோம். பஸ் கிட்டே வந்ததும் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, கட்டை விரலை மட்டும் தோளுக்குப் பின்பக்கம் இரண்டு தடவை ஆட்டுவார். பின்னாடி வருது என்று அர்த்தம். இதில் என்ன இருக்கிறது, அடுத்த வண்டி காலியாக வருகிறது, அதில் ஹாயாக வா என்று அக்கறையாகச் சொல்கிறார். நாமும் திரும்பிப் பார்ப்போம். பார்த்துவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்புவதற்குள் இவர் போய்விடுவார். பிறகு பின்னாடி வருகிறவர் வருவார். அவரும் கட்டை விரலை ஆட்டுவார். ராத்திரி கடைசி பஸ் டிரைவர்கூட பின்னாடி வருது என்றுதான் காட்டுவார். அதற்குப் பின்னாடி வருவது மறுநாள்.

நான் மருத்துவ ஆய்வக டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருஷம். ரத்தம், சளி, இன்னும் நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாத சிலது எல்லாவற்றையும் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் படிப்பு. தியரியைக் கோட்டை விட்டால் மறுபடி எழுதலாம். ரெண்டு ப்ராக்டிகலுக்கு வராவிட்டால் அந்த வருஷமே போச்சு. காலை ஒன்பது மணிக்கு லேப் கதவைச் சாத்திவிடுவார்கள். போன பருவத்தில் ஒரு ப்ராக்டிகலை இப்படித்தான் கட்டை விரலுக்குப் பலி கொடுத்தேன். துறைத் தலைவி மேடத்திடம் போய் பஸ் நிக்கல மேடம் என்றேன். மேடம் காரில் வருகிறவர். "மத்த பிள்ளைங்களும் பஸ்லதானே வருது? உனக்கு மட்டும் நிக்கலையா? பஸ்ஸெல்லாம் ஒரு காரணமாம்மா?" என்றார். கடைசித் தேர்வையும் தவறவிட்டால் இந்த வருஷத்தை முதலிலிருந்து மறுபடி ஆரம்பி, சலுகை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அதற்குமேல். எங்கள் வீட்டுக்குக் கீழே சித்தி தையல் கடை வைத்திருக்கிறாள். காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் அவளுக்கு ஆள் தேவை. நான் படிக்கப் போனதிலிருந்தே அந்த வேலையை எனக்காக எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்கிற ஒரே ஒரு வாதத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கடைக்கு வர பஸ் ஏற வேண்டாம், மாடிப்படி இறங்கினால் போதும். அப்பா முடிதிருத்துகிறவர். விடியும் முன்னே கடை திறக்கிறவர், என்னைக் கொண்டுவிட வண்டியும் கிடையாது, நேரமும் கிடையாது. "படிப்பு உனக்கு ராசியில்லன்னு நான் சொல்ல மாட்டேன். பஸ்தான் ராசியில்ல. இந்தத் தடவையும் போச்சுன்னா சித்தி சொல்றதைக் கேட்டுக்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சோர்ந்துபோய்ச் சொன்னார்.

நடந்து போகலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கிறேன். ரெண்டு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்தபின் லேபில் மதியம் வரை நின்றுகொண்டே வேலை. மாலையில் திரும்ப நடை. ஒரு வாரம் அப்படி நடந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கி, லென்ஸில் முட்டிக்கொண்டு புருவத்தில் வளையமாகத் தழும்பு வாங்கியதுதான் மிச்சம்.

அதனால் ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு போக்குவரத்துக் கழகத்தின் பயணிகள் குறைதீர் பிரிவுக்கு நடந்தே போனேன். அங்கே ஒரு அலுவலர் இருந்தார். ரொம்ப நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் உச் கொட்டிக் கேட்டார். கடைசியில் நிற்காமல் போன பஸ்ஸின் டிக்கெட்டைக் கொடுங்கள் என்றார்.

நிக்காத பஸ்ஸில் டிக்கெட் எப்படி சார் வாங்குவது என்றேன்.

"டிக்கெட் இல்லைன்னா நீங்க அந்த பஸ்ஸோட பயணி இல்லம்மா" என்றார், என் மனம் நோகக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி. "இது பயணிகள் குறைதீர் பிரிவு. ஏறாதவங்களுக்கு இன்னும் பிரிவு ஆரம்பிக்கல. ஆரம்பிக்கணும்னு நாங்களும் மேலிடத்துல சொல்லிக்கிட்டுதான் இருக்கோம்."

மாணவர் பாஸை எடுத்துக் காட்டினேன். அது பயணம் செய்வதற்கான உரிமை, பயணம் செய்ததற்கான ஆதாரம் அல்ல என்றார். ஏறினவர்களில் யாராவது பஸ் நிற்கவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை என்று பெருமையாகச் சொன்னார். நான் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அது அவருக்குத் தாங்கவில்லை. பாவம், சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது. ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரை எங்கள் ஸ்டாப்புக்கு அனுப்பி ஒரு வாரம் நேரில் பார்க்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

செக்கிங் சார் திங்கட்கிழமை வந்தார். சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறவர், முழங்கால் வலிக்காரர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பட்டன், முன்னால் சின்ன முத்திரை வைத்த தொப்பி. இந்த ஊரில் பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அதுதான் உடுப்பு. அரை மைல் தூரத்தில் வரும்போதே டிரைவர்களுக்கு அது தெரிந்துவிடும் போலிருக்கிறது. முதல் பஸ் வந்து, என் செருப்பு நுனிக்கு நேராகப் படிக்கட்டை நிறுத்தியது. கண்டக்டர் இறங்கிவந்து வாங்கம்மா, பார்த்து ஏறுங்க என்றார். இரண்டாவது பஸ்ஸும் நின்றது. எங்கள் வழியில் போக வேண்டியதே இல்லாத ஒரு பஸ்கூட நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனது.

அந்த ஒரு வாரம் நான் ராணி மாதிரி காலேஜுக்குப் போனேன். அக்கம்பக்கத்து ஸ்டாப்புகளிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்து எங்கள் ஸ்டாப்பில் ஏறினார்கள். வாரக் கடைசியில் அறிக்கை போனது. மேற்படி இடத்தில் பேருந்துகள் மிக நன்றாக நிற்கின்றன, புகாரில் உண்மையில்லை. திங்கட்கிழமை செக்கிங் சார் வரவில்லை. கட்டை விரல் வந்தது.

அவர் வேலை செய்கிற டெப்போவைத் தேடிப்போய் வாசலில் நின்றேன். சார், ஒரே ஒரு நாள் சாதாரணச் சட்டையில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். சரி என்றார்.

மறுநாள் காலை கட்டம் போட்ட சட்டையும் கையில் குடையுமாக வந்து நின்றார். முதல் பஸ் வந்தது. நான் கை நீட்டினேன், அவரும் நீட்டினார். டிரைவர் கட்டை விரலை ஆட்டினார். செக்கிங் சார் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கும் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்த பஸ்ஸின் டிரைவர் அவர் வீட்டுக்கு எதிர்வீடாம். அவரும் ஆட்டினார்.

"சர்வீஸ் பூரா பஸ்ஸுக்கு உள்ளேயே இருந்துட்டேம்மா" என்றார் செக்கிங் சார். "வெளியில நின்னு பார்த்ததே இல்ல."

வெயில் ஏறியதும் குடையை விரித்துக்கொண்டு டெப்போவுக்கு நடந்து போனார். போய்ச் சேர்வதற்குள் கையெழுத்துப் போடும் நேரம் முடிந்துவிட்டது. அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று பதிவாகிவிட்டது. வேலைக்கு வராத நாளில் பார்த்ததை அறிக்கையாக எழுத முடியாதாம். இல்லாத ஆள் எதைப் பார்த்திருக்க முடியும் என்று மேலதிகாரி கேட்டாராம். செக்கிங் சார் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்காக வந்து அவருக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

ஆனால் ஒரு நன்மை விளைந்தது. குறைதீர் அலுவலர் என்னை மறக்கவில்லை. கழகத்தின் பொது மேலாளர் பயணிகளைச் சந்திக்கும் கூட்டம் நடக்கிறது, கட்டாயம் வாருங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார். போனேன். குளிரூட்டிய பெரிய அறை. நாற்காலி நிறைய ஆட்கள். பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேரும் கழகத்து ஊழியர்கள். பயணி என்று வந்திருந்தது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு அலட்சியம் என்று பொது மேலாளர் ரொம்ப வருத்தப்பட்டார். அந்தக் கட்டடத்தின் வாசலிலும் பஸ் நிற்காது.

பொது மேலாளர் மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் நேரம் தவறாமைக்காக வாங்கிய கேடயங்கள், உயர வரிசைப்படி. அவர் அதற்கு முன்னால் நின்று பேசினார்.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்போ ஒரு பஸ்கூட நேரத்துக்குப் போய்ச் சேராது. ஏன்னு தெரிஞ்சுக்க வெளியிலேருந்து நிபுணர்களை வரவழைச்சேன். அவங்க ஒரு மாசம் பஸ்ஸுங்க பின்னாடியே கார்ல போனாங்க. கடைசியில என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா? ஓடுறப்போ பஸ் தாமதமாகவே இல்ல. நிக்கிறப்போதான் தாமதமாகுது. ஏன் நிக்குது? ஜனங்க ஏறுறாங்க. ஏறினவங்க ஏறினோமா இருந்தோமான்னு இருக்காங்களா? இறங்குறாங்க."

அறையில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மேலே பேசினார்.

"நான் யாரையும் குறை சொல்லல. பயணிங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரி. ஆனா தெய்வத்தைப் போய் நாமதான் பார்க்கணும், அது நடுரோட்டுக்கு வந்து கை காட்டினா எப்படி? இன்னிக்கு எங்க பஸ் எல்லாம் நேரத்துக்குக் கிளம்புது, நேரத்துக்குப் போய்ச் சேருது. சீட்டு கிழியறதில்ல. படிக்கட்டு தேயறதில்ல. உள்ளே குப்பை கிடையாது. நேரத்துக்குச் சேர்த்த டிரைவருக்குப் பாராட்டு, தாமதமாக்கினவருக்கு விளக்கம் கேட்டு உத்தரவு. வேற எந்த ஊர்லயும் இப்படி ஒரு ஒழுங்கு கிடையாது."

கைதட்டல் அடங்கியதும் பயணி பேசலாம் என்றார்கள். நான் எழுந்து, சார், எங்க ஸ்டாப்புல பஸ் நிக்கணும் என்றேன். எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்று கேட்டார். சில நாள் ரெண்டு மணி நேரம் என்றேன். வெயிலிலா என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த என்ஜினீயரைப் பார்த்து, ஒரு பெண் குழந்தை ரெண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறாள், நாமெல்லாம் மனுஷர்கள்தானா என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்பாடா, ஒரு வழி பிறந்தது என்று நினைத்தேன்.

"உடனே அங்க ஒரு நிழற்குடை கட்டுங்க" என்றார்.

கட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகக் கட்டினார்கள். பளபளவென்று எஃகு பெஞ்சு, தலைக்கு மேலே மின்விசிறி, போனுக்குச் சார்ஜ் போட இடம், குடிதண்ணீர்க் குழாய். அடுத்த பஸ் எப்போது என்று காட்ட ஒரு மின்பலகை. அதில் எந்நேரமும் 'வந்துகொண்டிருக்கிறது' என்று பச்சை எழுத்து ஓடும். அது பொய்யும் இல்லை. வந்துகொண்டுதான் இருக்கிறது. வேலை நடந்த நாட்களில் பள்ளம் தோண்டி கயிறு கட்டியிருந்ததால் தப்பித்தவறி நிற்க நினைத்த பஸ்ஸும் நிற்க முடியவில்லை. நான் நடந்து போனேன். சித்தி இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, இனி உனக்கு ஸ்டாப்பிலேயே குடித்தனம் நடத்த வசதி இருக்கிறது என்றாள்.

திறப்பு விழாத் தேதி குறித்தார்கள். அது என் கடைசி ப்ராக்டிகல் தேர்வு நாள். என்னை விட்டுவிடுங்கள், நான் விடிகாலையில் நடக்க ஆரம்பித்தால்தான் போய்ச் சேருவேன் என்று குறைதீர் அலுவலரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். விழா காலை ஏழு மணிக்கு, பத்தே நிமிஷம், நிழற்குடை கேட்டுப் போராடிய பெண் நாலு வார்த்தை பேச வேண்டும், முடிந்ததும் கழகத்துக் காரிலேயே உன்னைக் காலேஜ் வாசலில் இறக்கிவிடுகிறோம் என்றார். நான் நிழற்குடை கேட்டதாக அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. காரில் போகலாம் என்பது என் மனதில் பதிந்துவிட்டது. தப்பு என்மேலும் உண்டு. பஸ் நிற்காத கழகத்தின் காரை நம்பினேன்.

ஏழு மணிக்கு நான் லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். பிறகு நேரமிருக்காது என்று வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாற்காலிகள் போட்டாயிற்று, ரிப்பன் கட்டியாயிற்று, அதிகாரிகள் வந்தாயிற்று. அவர்கள் வந்த கார்களை எல்லாம் வரிசையாக, பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையில் எங்கள் காலேஜ் காரும் நின்றது. எங்கள் முதல்வரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய், சார், ஒன்பது மணிக்கு எனக்குக் கடைசி ப்ராக்டிகல் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, காலேஜுக்கே பெருமை சேர்த்துவிட்டாய், நல்லா பண்ணு என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் வந்துவிட்டார்கள், நேரம் தவறாமைக்கு இத்தனை கேடயம் வாங்கிய பொது மேலாளர் மட்டும் வரவில்லை. எட்டு மணி ஆனது. கார்களில் ஏதாவது ஒன்றை அனுப்பலாமே என்று கேட்டேன். பொது மேலாளர் வருவதற்கு முன் வண்டிகள் வரிசை கலையக்கூடாது என்றார்கள். அவர் எட்டேகாலுக்கு வந்தார். வழியில் ஒரு பஸ் குறுக்கே நின்றுவிட்டதாம், விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம். பிறகு மைக் பிடித்தார். நின்றால் தாமதம் என்பதில் தொடங்கினார்.

நான் மணியைப் பார்த்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் செக்கிங் சார் உடுப்போடு காவல் வேலையில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார். என் வெள்ளைக் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தொப்பியை எனக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அதை எடுத்துக்கொண்டு கார் வரிசையைத் தாண்டி ஓடினேன். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு சாலையோரத்தில் கையைத் தூக்கி நின்றேன். டிரைவரின் கட்டை விரல் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. பிரேக் சத்தம் மேடை வரைக்கும் கேட்டிருக்கும். கதவு திறந்தது. உள்ளே கால்வாசிகூட ஆள் இல்லை. இருந்தவர்கள் மடமடவென்று டிக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். கண்டக்டர் விறைப்பாக நின்றார்.

நான் மாணவர் பாஸை எடுத்துக் காட்டினேன். கண்டக்டர் பாஸைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"அப்போ நீ செக்கிங் இல்லையா?"

"இல்ல சார். பயணி."

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட" என்றார், அழாத குறையாக. "போயும் போயும் பயணிக்காக நிறுத்த வெச்சுட்டியே."

தொப்பி கழகத்துச் சொத்து என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். டிரைவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, வண்டியை விரட்டினார். நின்ற நேரத்தைச் சரிக்கட்ட வேண்டுமாம், இல்லையென்றால் விளக்கம் கேட்பார்களாம். எங்கள் காலேஜ் வந்தது. நான் பெல்லை அடித்தேன். காலேஜ் போனது. படிக்கட்டில் நின்று கத்தினேன். கடைசி ஸ்டாப்பில்தான் நிற்கும், அங்கே இறங்கிக்கொள் என்றார் கண்டக்டர். இந்த பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு வருஷம் போராடினேன். இறங்குவதற்கும் போராட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசி ஸ்டாப்பிலிருந்து திரும்ப ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். லேப் வாசலை அடைந்தபோது மணி பத்து. கதவு சாத்தியிருந்தது. மேடம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். மேடம், பஸ் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒன்பது மணிக்கு இல்லாதவர்கள் இல்லாதவர்கள்தான், ஆப்சென்ட் போட்டாயிற்று என்றார். நான் வராந்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடிப்படி இறங்கினால் போதும் என்கிற சித்தியின் குரல் காதுக்குள் கேட்டது. காஜா எடுக்கிற வேலை அப்படியொன்றும் மோசமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

உட்கார்ந்தபிறகுதான் கவனித்தேன். உள்ளே சத்தமே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், என் கூடப் படிக்கிறவர்கள் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். தேர்வு ஆரம்பிக்கவே இல்லை. தேர்வு நடத்த வெளியிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் வரவில்லை. அவரை அழைத்துவர வழக்கமாகப் போகிற காலேஜ் கார், எங்கள் ஸ்டாப்பில் நிழற்குடைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது.

தேர்வாளர் வந்தபோது பதினொன்று. வயசானவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, செருப்பெல்லாம் புழுதி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பஸ் நிக்கல மேடம்."

"அடடா" என்றார் மேடம். "உட்காருங்க சார், முதல்ல தண்ணி குடிங்க. இந்த பஸ்காரங்களே இப்படித்தான்."

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட ஒரு ஆள் ஓடினான். வருஷம் பூரா நான் சொன்னதும் அதே இரண்டு வார்த்தைதான். எனக்கு ஒருத்தரும் அடடா சொன்னதில்லை. எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், டிரைவர் கட்டை விரலைக் காட்டினாரா?"

அவர் டம்ளரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "காட்டினாரே. பின்னாடி வருதுன்னு."

"நீங்க திரும்பிப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பார்த்தேம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் நான் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். மேடம் விதியை எடுத்துச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் பாதத்தை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"ஒன்பது மணிக்கு இல்லாதவங்க இல்லாதவங்கன்னா நானும் இல்ல மேடம். இல்லாத ஆள் தேர்வு நடத்த முடியாது. நான் கிளம்பறேன். போறதுக்கும் பஸ்தான்."

மேடம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே கைகட்டி நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தார். கதவைத் திறந்து விட்டார்.

எனக்கு வந்தது ரத்தப் பூச்சு. விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பு. கை நடுங்கினால் திட்டுத் திட்டாகப் போய்விடும். காலையிலிருந்து இத்தனை ஓடியும் எனக்கு ஒரே இழுப்பில் வந்தது. சாயம் ஏற்றி, கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பொருத்திவிட்டு ஒதுங்கி நின்றேன். தேர்வாளர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். பண்ணிட்டேன்ப்பா என்றேன். அந்தப் பக்கம் கத்தரி சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. "சரிம்மா. பத்திரமா வந்து சேரு" என்றார். அவர் குரலில் இருந்த சோர்வு அன்று இல்லை. செக்கிங் சாருக்கும் போன் செய்தேன். விழாவில் தொப்பி இல்லாமல் நின்றதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். விசாரணை முடியும் வரை உடுப்பு கிடையாது, தினமும் பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்காக நீங்க இப்படி என்று ஆரம்பித்தேன். அதை விடு, தேர்வு என்ன ஆச்சு, அதைச் சொல்லு என்றார்.

சாயங்காலம் காலேஜ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தேர்வாளரும் வந்து பக்கத்தில் நின்றார். காலேஜ் கார் முதல்வரை விழாவிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாம். அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

தூரத்தில் பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு பேரும் சாலையோரத்துக்கு வந்து கை நீட்டினோம். பஸ் கிட்டே வந்தது. உள்ளே விளக்கெல்லாம் போட்டிருந்தது, சீட்டெல்லாம் காலி. டிரைவர் ஒரு கையை எடுத்து, கட்டை விரலைத் தோளுக்குப் பின்பக்கம் இரண்டு தடவை ஆட்டினார்.

பின்னாடி ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து தேர்வாளருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.